தமிழ்த் தாத்தாவும் ஒரு கேள்வியும்

  

நம் பள்ளி ஆண்டு மலரில் சான்றோர் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுவது என் வழக்கம். இவ்வாண்டு யாரைப் பற்றி எழுதலாம் என்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில், தாயார் ஒருவர் என்னைக் காண வந்தார். ஆறாம் ஆண்டின் இறுதியில் நடைபெற்று வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வை அரசாங்கம் 2021ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. அவ்வாறிருக்க, வாரந்தோறும் ஒரு செய்யுளையோ பழங்கதைப் பகுதியையோ கொடுத்து, அதன் கீழே கருத்துணர் கேள்விகளை எழுதி விடை கேட்பது எதற்காக என்று அவர் வினவினார். அவர் சினந்து கேட்கவில்லை. பகலெல்லாம் செம்பனைத் தோட்டத்தில் உழைத்து, மாலையில் வீட்டு வேலையும் முடித்து, இரவில் மகளோடு உட்கார்ந்து விடை தேடும் களைப்பில் கேட்டார்.

அன்று நான் அவருக்குக் கூறிய மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. நிறைவான மறுமொழி ஒரு பெரியவரின் வாழ்க்கையில் இருக்கிறது. பழைய இலக்கியத்தைப் பற்றி யாரோ ஒருவர் கேட்ட ஒரு கேள்விக்கு அவருக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகவே தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டார். தமிழ்த் தாத்தா என்று உலகம் போற்றும் டாக்டர் உ. வே. சாமிநாத ஐயரே அப்பெரியவர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

சாமிநாத ஐயர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19ஆம் நாள் பிறந்தார். தமிழகத்தில் கும்பகோணத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம் என்னும் சிற்றூரே அவருடைய சொந்த ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர், தாயார் சரசுவதி அம்மையார். உத்தமதானபுரம் என்னும் ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் தந்தையார் பெயரின் முதலெழுத்துமே அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் உ. வே. என்பனவாகும். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் வேங்கடராமன். சாமிநாதன் என்னும் பெயர் பின்னர் அவருடைய ஆசிரியரால் வழங்கப்பெற்றது.

தந்தையார் இசை வல்லுநர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதையை இசையோடு சொல்லி, அதனால் கிடைக்கும் நெல்லையும் பணத்தையும் கொண்டு குடும்பத்தை நடத்தி வந்தார். நிலையான வருவாய் இல்லை. நிலையான இருப்பிடமும் இல்லை. மகனுக்கு இசையைக் கற்பிக்க வேண்டும் என்பதே தந்தையாரின் விருப்பம். மகனின் மனமோ தமிழ்ச் செய்யுளை நாடியது. அதனைக் கண்டுகொண்ட தந்தையார், எந்த ஊரில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் இருக்கிறார் என்று விசாரித்து, அந்தந்த ஊருக்குக் குடும்பத்தையே அழைத்துச் சென்றார். அரியிலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் சிறுவர் சாமிநாதர் பாடங்கேட்டார். அச்சிட்ட நூல்கள் அருமையாக இருந்த காலம் அது. ஒரு நூல் வேண்டுமானால் ஓலைச்சுவடியை இரவல் வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களே, பிழைப்பிற்காகத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிய குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. மகனின் படிப்பிற்காக ஊர் விட்டு ஊர் மாறிய இக்குடும்பத்தின் நிலை உங்களுக்கு நன்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

மகாவித்துவானின் மாணவர்

அக்காலத்தில் தமிழ்க் கடல் என்று போற்றத்தக்க புலமையுடன் விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவான். மாயூரத்தில் இருந்து மாணவர்களுக்குப் பாடஞ் சொல்லி வந்தார். 1871ஆம் ஆண்டில் தந்தையார் தம் மகனை அவரிடம் கொண்டு சேர்த்தார். முதற் சந்திப்பிலேயே பிள்ளையவர்கள் இளைஞரை ஒரு செய்யுளைச் சொல்லச் செய்து, அதற்குப் பொருளும் கூறப் பணித்தார். இளைஞர் நடுங்கிக்கொண்டே விடை கூறினார். மாணவச் செல்வங்களே, வகுப்பில் ஆசிரியர் உங்களை எழுப்பிக் கேள்வி கேட்கும்பொழுது நீங்கள் நடுங்குகிறீர்கள் அல்லவா? தமிழ்த் தாத்தாவும் அவ்வாறு நடுங்கியவர்தாம்.

அன்று முதல் 1876ஆம் ஆண்டில் பிள்ளையவர்கள் மறையும் வரையில் சாமிநாதர் அவருடைய நிழலாக இருந்து கற்றார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் எனப் பல நூல்களைப் பாடங்கேட்டார். ஆசிரியர் புதிய செய்யுட்களைச் சொல்லச் சொல்ல, அவற்றை ஏட்டில் எழுதும் பேறும் அவருக்கு வாய்த்தது. ஆசிரியர் மறைந்த பின்னர் ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரிடம் கல்வியைத் தொடர்ந்தார். அங்கேயே பிற மாணவர்க்கும் பாடஞ் சொன்னார்.

1880ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி காலியாயிற்று. அதுவரையில் அப்பதவியை வகித்தவர் தியாகராச செட்டியார். அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரே. அவர் சாமிநாத ஐயரின் புலமையை நன்கறிந்து, தம் இடத்திற்கு அவரே தக்கவர் என்று பரிந்துரைத்தார். திங்களுக்கு ஐம்பது ரூபாய் ஊதியத்தில் ஐயர் பணியில் அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. வறுமை நீங்கியது, பெற்றோர் மகிழ்ந்தனர். நன்றி மறவாத ஐயர், பிற்காலத்தில் சென்னையில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார்.

அந்த ஒரு கேள்வி

கல்லூரியில் சேர்ந்த அதே ஆண்டில், அக்டோபர் மாதம் 21ஆம் நாள், ஐயரின் வாழ்க்கையையும் தமிழின் வரலாற்றையும் மாற்றிய நிகழ்ச்சி நடைபெற்றது. சேலம் இராமசாமி முதலியார் என்பவர் கும்பகோணத்திற்கு முனிசீப்பாக மாற்றலாகி வந்திருந்தார். முனிசீப் என்பது நீதிபதிப் பதவி. அவர் ஆங்கிலக் கல்வி பெற்றவர். தமிழிலும் ஆழ்ந்த பற்றுடையவர். சுப்பிரமணிய தேசிகரின் விருப்பப்படி ஐயர் அவரைக் காணச் சென்றார்.

முதலியார் முதலில் ஐயருடைய ஆசிரியர் யார் என்று கேட்டார். ஐயர் பெருமையோடு தம் ஆசிரியரின் பெயரைச் சொன்னார். பிறகு எந்தெந்த நூல்களைக் கற்றிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் தாம் கற்ற நூல்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். அந்தாதிகள் இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, கோவைகள் இத்தனை என்று பட்டியல் நீண்டது. முதலியாரின் முகத்தில் வியப்பு ஏதும் தோன்றவில்லை. நைடதத்தையும் கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் சொல்லிப் பார்த்தார். அப்பொழுதும் அவர் அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்பது போன்ற கேள்வியே வந்தது. இறுதியில் முதலியார் சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார்.

ஐயர் அவற்றைப் படித்ததில்லை. கண்ணால் கண்டதும் இல்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடஞ் சொன்னதில்லை. கல்லூரியில் பிறர்க்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர், தமிழின் தலைசிறந்த காப்பியங்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு முன்னால் விடையின்றி நின்றார்.

அவ்விடத்தில் அவர் செய்யக்கூடியவை பல இருந்தன. பாதி கேள்விப்பட்டதை முழுதும் அறிந்தது போலப் பேசியிருக்கலாம். அவை பிற சமய நூல்கள், நமக்கு வேண்டியதில்லை என்று தள்ளியிருக்கலாம். அதிகாரி ஒருவர் தம் ஆசிரியரின் பெருமையை அறியவில்லையே என்று சினந்து எழுந்து வந்திருக்கலாம். அவர் மனம் வருந்தியது உண்மையே. எனினும் அந்நூல்கள் தமக்குக் கிடைக்கவில்லை, ஆகையால் படிக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடியே கூறினார். கிடைத்தால் படித்து அறிய முடியும் என்ற நம்பிக்கை தமக்கு உண்டு என்றும் சொன்னார். முதலியாரின் முகம் மலர்ந்தது. தம்மிடமிருந்த சீவக சிந்தாமணிப் படியைப் பின்னர் அவரே கொடுத்துப் படிக்கச் செய்தார்.

விடை தேடிய வழி

திருத்தக்க தேவர் இயற்றிய சீவக சிந்தாமணி ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று. அதற்கு நச்சினார்க்கினியர் என்னும் பேராசிரியர் பழங்காலத்திலேயே உரை எழுதியிருக்கிறார். ஐயர் நூலைத் திறந்தார், செய்யுள் விளங்கவில்லை. உரையைப் பார்த்தார், உரையும் முழுதாக விளங்கவில்லை. உரையாசிரியர் வேறு பழைய நூல்களிலிருந்து பல அடிகளை மேற்கோளாகக் காட்டியிருந்தார். அவை எந்த நூலைச் சேர்ந்தவை என்று பெரும்பாலும் சொல்லவில்லை. ஒரு கேள்விக்கு விடை தேடச் சென்றவருக்கு நூறு கேள்விகள் எதிர்ப்பட்டன. கற்றவை கையளவும் ஆகா என்பதை அவர் அப்பொழுதே உணர்ந்தார்.

சிந்தாமணி சைன சமயக் காப்பியம். சைவக் குடும்பத்தில் பிறந்து, சைவ மடத்தில் கற்ற ஐயருக்கு அச்சமயக் கொள்கைகள் புதியவை. எனவே கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களின் இல்லங்களை நாடிச் சென்றார். ஒரு நாள் அவ்வாறு சென்ற வீட்டில் மாவிலைத் தோரணம் கட்டிக் கோலமிட்டிருந்தார்கள். அன்று என்ன திருநாள் என்று விசாரித்தார். அவ்வீட்டார் பல நாளாகச் சிந்தாமணியைப் படித்து வந்ததாகவும், அன்று படித்து முடித்ததைக் கொண்டாடுவதாகவும் விடை கிடைத்தது. ஐயர் மெய்சிலிர்த்தார். எந்த நூலின் பொருள் தெரியாமல் தாம் இரவும் பகலும் தவித்தாரோ, அந்நூலை எளிய இல்லத்தார் வழிபாட்டு நூலாகப் போற்றிப் படித்து வருகின்றனர்! அவர்களிடம் அடக்கத்தோடு அமர்ந்து, சமயச் சொற்களின் பொருளைக் கேட்டு அறிந்துகொண்டார். கல்லூரி ஆசிரியர் என்ற பதவியை வாசலிலேயே விட்டுச் சென்றார் எனலாம்.

நம் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் லயத்து வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, எழுத்தறிந்த பெரியவர் ஒருவர் இராமாயணத்தையோ நல்லதங்காள் கதையையோ படிக்க, விடியலில் பால்வெட்டுக்குச் செல்ல வேண்டியவர்களும் உறங்காமல் கேட்டார்கள். படிப்பவரை இடைமறித்துப் பொருள் கேட்ட பாட்டிமார்களை நான் சிறுவனாக இருந்தபொழுது கண்டிருக்கிறேன். அவர்களுக்கு யாரும் மதிப்பெண் இட்டதில்லை.

ஐயர் பல ஊர்களிலிருந்து சிந்தாமணிச் சுவடிகளைத் திரட்டினார். ஒரு சுவடியில் இருந்த பாடம் மற்றொன்றில் வேறாக இருந்தது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. குறிலும் நெடிலும் தெளிவாகப் பிரியா. பூச்சி அரித்த இடங்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒப்பிட்டு, உரிய பாடம் எது என்று ஆராய்ந்தார். ஏழாண்டு உழைப்பிற்குப் பிறகு, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அச்சு நூலாக வெளிவந்தது. முதலியாரின் கேள்விக்கு அதுவே ஐயர் அளித்த முதல் விடை.

ஏடு தேடிய பயணங்கள்

அவர் அத்தோடு நிற்கவில்லை. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவருடைய பதிப்பாக வெளிவந்தன. பின்னர் ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், பெருங்கதை, குறுந்தொகை ஆகியனவும் வெளிவந்தன. அதே காலத்தில் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும் கலித்தொகை முதலான பழைய நூல்களைப் பதிப்பித்துத் தொண்டு செய்தார் என்பதையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

சுவடி இருப்பதாகச் செய்தி கிடைத்த இடமெல்லாம் ஐயர் சென்றார். தொடர்வண்டியிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் பயணம் செய்தார். சில இடங்களில் வரவேற்பும், சில இடங்களில் ஏமாற்றமுமே கிடைத்தன. கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் சுவடிகள் இருப்பதாக அறிந்து அங்குச் சென்றார். சிதைந்த ஏடுகளை நெருப்பில் இடுவது முறை என்று கருதி, அவற்றைத் தீயில் இட்டுவிட்டதாக அங்கே கூறினார்கள். அச்செய்தியைக் கேட்டு அவர் அடைந்த துயரம் சொல்லில் அடங்காது. தாம் ஒரு நாள் தாமதித்தால் ஒரு நூல் உலகை விட்டு மறைந்துவிடக் கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

குறிஞ்சிப்பாட்டு என்னும் நூலில் மலையில் பூக்கும் பலவகைப் பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஐயரிடம் இருந்த சுவடிகளில் அப்பகுதியில் சில அடிகள் விடுபட்டிருந்தன. ஏதோ சில பூக்களின் பெயர்கள்தாமே என்று அவர் விட்டுவிடவில்லை. தேடிக்கொண்டே இருந்தார். தருமபுர ஆதீனத்துச் சுவடியில் அப்பகுதி முழுமையாகக் கிடைத்தபொழுது அவர் பெருமகிழ்ச்சி அடைந்தார்.

மணிமேகலையைப் பதிப்பிக்கும்பொழுது பௌத்த சமயத்தைக் கற்க வேண்டியதாயிற்று. அவருடன் கல்லூரியில் பணிபுரிந்த அரங்காசாரியார் ஆங்கில நூல்களிலிருந்து பௌத்தக் கருத்துகளை எடுத்துச் சொல்ல, ஐயர் அவற்றைக் கேட்டுத் தெளிந்தார். பாரிசு நகரில் இருந்த ஜூலியன் வின்சோன் என்னும் பிரெஞ்சு அறிஞரோடும் கடிதத் தொடர்பு கொண்டார். அறியாததை அறிந்தவரிடம் கேட்பதில் அவருக்குச் சாதி, சமயம், நாடு என்னும் வேறுபாடு இருந்ததில்லை.

வெற்றிடமாக விட்ட நேர்மை

மாணவச் செல்வங்களே! இனி நான் சொல்லப் போவதை ஊன்றிக் கவனியுங்கள்.

புறநானூற்றில் பாடல்கள் நானூறு. ஆயினும் 267ஆம் பாடலும் 268ஆம் பாடலும் எங்குத் தேடியும் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. இடையிலுள்ள எட்டுப் பத்துகளே கிடைத்தன. பரிபாடலில் எழுபது பாடல்கள் இருந்தன என்பர். அவற்றுள் 22 பாடல்களே முழுமையாக நம் கைக்கு வந்தன.

சாமிநாத ஐயர் செய்யுள் இயற்ற வல்லவர். விடுபட்ட இடத்தில் தாமே இரண்டு பாடல்களை எழுதிச் சேர்த்திருந்தால் அன்று கண்டுபிடிப்பார் அரிது. நூல் முழுமையாகக் கிடைத்தது என்ற பெருமையும் சேர்ந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே காட்டினார். பொருள் விளங்காத இடத்தை விளங்கியது போலக் காட்டுவதும் அவருக்கு உடன்பாடன்று. முனிசீப்பின் முன்னால் படிக்கவில்லை என்று உண்மையைச் சொன்ன அதே நாக்குத்தான் நூற்பதிப்பிலும் உண்மையைச் சொல்லியது.

இவற்றோடு, ஒவ்வொரு நூலுக்கும் முன்னால் ஆசிரியர் வரலாற்றையும் நூலின் செய்தியையும் எழுதினார். பின்னால் அருஞ்சொற்களை அகர வரிசையில் தொகுத்துக் கொடுத்தார். தமக்கு எழுந்த கேள்விகள் பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் எழும் என்பதை உணர்ந்து, அவர்களுடைய கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதி வைத்த அன்புள்ளம் அது.

நிறைவுக் காலம்

ஐயர் 1903ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி, 1919இல் ஓய்வு பெறும் வரையில் அங்குப் பணியாற்றினார். 1906இல் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரைத் தேடி வந்தன. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டு நன்றிக்கடன் ஆற்றினார். 1940 முதல் தம் வாழ்க்கை வரலாற்றை என் சரித்திரம் என்னும் பெயரில் ஆனந்த விகடன் இதழில் தொடர்ந்து எழுதினார். அது முற்றுப்பெறவில்லை.

இரண்டாம் உலகப் போரின்பொழுது சென்னை மக்கள் பலர் நகரை விட்டு வெளியேறினர். ஐயரும் தம் ஏடுகளோடு திருக்கழுக்குன்றம் சென்று தங்கினார். அங்கேயே 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆம் நாள், தம் 87ஆம் வயதில் மறைந்தார். அப்போரில் நம் மலாயா நாடும் வீழ்ந்து, இங்குள்ள நம் முன்னோர் பெருந்துன்பத்தில் உழன்ற ஆண்டும் அதுவே.

அவர் பெயரால் 1943இல் தொடங்கப்பெற்ற நூல் நிலையம் இன்று சென்னைப் பெசன்ட் நகரில் இருந்து அவர் திரட்டிய சுவடிகளைக் காத்து வருகிறது. அவர் வாழ்ந்த தியாகராச விலாசம் என்னும் இல்லம் 2012இல் இடிக்கப்பட்டது. இல்லம் போயினும் அவர் மீட்ட நூல்கள் நிற்கின்றன. கண்ணகியின் கதையை நம் பிள்ளைகள் மேடையில் நடிக்கிறார்கள். சங்கப் புலவரைப் பற்றி நம் வகுப்புகளில் பேசுகிறோம். இவற்றிற்கெல்லாம் பின்னால் அந்த ஒரு கேள்வி இருக்கிறது.

நான் சொல்லாத விடை

ஐயரின் வரலாற்றை எழுதும்பொழுது, என் பிழை ஒன்றையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு நான் வெளிவந்த புதிது. ஒரு தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு ஔவையாரின் மூதுரைச் செய்யுள் ஒன்றை நடத்தினேன். நீர் வற்றியதும் குளத்தை விட்டுப் பறவைகள் பறந்துவிடும். குளத்திலேயே வளரும் கொட்டி, ஆம்பல், நெய்தல் ஆகியவை குளத்தோடு ஒட்டியே இருக்கும். துன்பத்தில் நீங்காதவரே உறவினர் என்பது அதன் கருத்து. உண்மையான உறவினர் யார் என்னும் கேள்விக்கு விடையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அனைவரும் பார்த்து எழுதினர். அனைவர்க்கும் முழு மதிப்பெண்.

கடைசி வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, கொட்டி என்றால் என்ன என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல நாணம் தடுத்தது. அது தேர்வுக்கு வராது, உட்கார் என்று சொல்லிவிட்டேன். அவன் உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. அன்றிரவே அகராதியைப் பார்த்தேன். கொட்டி என்பது குளத்துச் சேற்றில் கிழங்கு விட்டு, நீரில் இலை மிதக்க வளரும் கொடி. மறுநாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த ஆண்டில் அவன் குடும்பம் வேறு தோட்டத்திற்குச் சென்றுவிட்டது. அந்த விடை இன்றும் என்னிடமே இருக்கிறது.

அன்று முழு மதிப்பெண் பெற்ற மாணவர் எவரும் செய்யுளைப் படிக்கவில்லை. என் எழுத்தைப் பார்த்துப் படியெடுத்தார்கள். செய்யுளைப் படித்தவன் அந்த ஒருவன்தான். அவன் விழைந்த பொருளை நான் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

ஆகவே, கேள்வி எதற்காக என்று கேட்ட தாயாருக்கு இப்பொழுது என் மறுமொழி இதுவாகும். அம்மா, அக்கேள்விகள் தேர்வுக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. ஒரு சொல்லின் முன்னால் நின்று, இது எனக்கு விளங்குகிறதா, விளங்கவில்லையா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தைக் குழந்தைக்கு ஊட்டுவதற்காகவே அவை ஏற்பட்டன. அப்பழக்கம் உடையவரை நாளை வேலை ஒப்பந்தத் தாளிலோ கடன் பத்திரத்திலோ எவரும் ஏமாற்ற முடியாது. உங்கள் மகளுக்கு விடை கிடைக்கவில்லையெனில் நீங்கள் களைப்போடு விழித்திருந்து தேடித்தர வேண்டா. தெரியவில்லை என்று அவளே எழுதி வரட்டும். அதற்காக எங்கள் பள்ளியில் அவளை எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். விடை தெரியாத ஆசிரியரும் இனித் தெரியாது என்று சொல்லி, மறுநாள் விடையோடு வருவார். தலைமையாசிரியனாகிய நானும் அதற்கு உட்பட்டவனே.

மாணவச் செல்வங்களே! இக்கட்டுரையைப் படித்த பின்னர்க் கீழ்க்காணும் கேள்விகளுக்கு உங்கள் சொந்த நடையில் விடை எழுதி என்னிடம் நேரில் கொடுங்கள்.

1. சாமிநாத ஐயரின் தந்தையார் ஏன் ஊர் விட்டு ஊர் சென்றார்?

2. இராமசாமி முதலியாரின் கேள்விக்கு ஐயர் எவ்வாறு மறுமொழி கூறினார்? நீங்கள் அவ்விடத்தில் இருந்திருந்தால் என்ன கூறியிருப்பீர்கள்?

3. புறநானூற்றில் கிடைக்காத இரண்டு பாடல்களை ஐயர் தாமே எழுதிச் சேர்க்காதது ஏன்?

4. நம் ஊராகிய சுங்கை பூலோவின் பெயருக்கு மலாய் மொழியில் மூங்கில் ஆறு என்பது பொருள். உங்கள் தோட்டத்திற்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுக.

5. உங்கள் பாடநூலிலுள்ள செய்யுட்களில் உங்களுக்குப் பொருள் தெரியாத ஒரு சொல்லை எழுதுக.

ஐந்தாம் கேள்விக்கு விடை எழுதும் அனைவர்க்கும் முழு மதிப்பெண் உண்டு. அச்சொற்களையெல்லாம் தொகுத்து, பொருளோடு பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம். அவற்றுள் முதற்சொல்லாகக் கொட்டி என்பதை நான் எழுதி வைக்கிறேன்.

வாழ்க தமிழ்த் தாத்தாவின் புகழ்! வளர்க நம் பள்ளி!